சுண்டெலியின்மைப் பிரிவு

வெம்லுண்ட் நகரத்தில் சுண்டெலி கிடையாது. நான்கு வருடங்களுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, எதிர்த்து ஒரு வாக்குகூட விழாமல், நகராட்சி மன்றம் அப்படித் தீர்மானம் போட்டது. அதுவரை டென்மார்க்கின் மற்ற ஊர்களைப் போல அங்கேயும் இருந்தன. தீர்மானத்துக்குப் பிறகு இல்லை. ஊருக்குள் நுழைகிற சாலைகளில் எல்லாம் நீல நிறத்தில் பெரிய பலகை நட்டார்கள்: ‘வெம்லுண்ட். சுண்டெலி இல்லாத நகரம். மெதுவாகச் செல்லவும்.’

அந்தப் பலகையை ஐவின் தோருப் ஒரு நாளைக்குப் பதினாறு முறை மெதுவாகக் கடந்து போவார். அவர் பதினான்காம் நம்பர் பஸ்ஸின் ஓட்டுநர். வயது ஐம்பத்தாறு. சட்டத்துக்குக் கட்டுப்பட்ட மனிதர் என்று சொன்னால் போதாது; சட்டம் தன்னைத் தேடி வரும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லாதவர். ஒருமுறை தன் தோட்டத்து வேலி பக்கத்து வீட்டுப் பக்கம் ஏழு சென்டிமீட்டர் சாய்ந்திருப்பதைக் கவனித்துத் தன் மேல் தானே நகராட்சிக்குப் புகார் எழுதினார். நகராட்சி அவருக்கு நன்றிக் கடிதத்தையும் எச்சரிக்கைக் கடிதத்தையும் ஒரே உறையில் வைத்து அனுப்பியது. இரண்டையும் அவர் கோப்பில் பத்திரப்படுத்தினார்.

டிசம்பர் மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை, மதியம் சாப்பிட்டு முடித்ததும், கிறிஸ்துமஸ் அலங்காரப் பெட்டியை எடுக்க மடக்கு ஏணியை இழுத்துவிட்டுப் பரணில் ஏறினார். பெட்டியைத் திறந்தார். சிவப்புக் குல்லா போட்ட குட்டிச்சாத்தான் பொம்மைகள் ஒன்பது இருக்க வேண்டும். இருந்தன. குல்லாக்கள்தான் இல்லை. வைக்கோல் ஆட்டில் கொம்பு மட்டும் மிச்சம். மனைவி டோர்தே இருபது வருடமாகக் கத்தரித்துச் சேர்த்த காகித இதயங்கள் எல்லாம் அரிசிப்பொரி மாதிரி ஆகியிருந்தன. அந்தப் பொரிக் குவியலின் நடுவில் ஒரு சுண்டெலி உட்கார்ந்து, முன்னங்கால்களால் முகம் துடைத்துக்கொண்டிருந்தது. ஐவினைப் பார்த்தது. அவசரமில்லாமல் துடைத்து முடித்துவிட்டுப் பஞ்சுக்குள் போயிற்று.

கீழே வந்து செய்தியைச் சொன்னார். டோர்தே பல் மருத்துவமனையில் மற்றவர்களின் பல்லில் காறை சுரண்டுகிற வேலை பார்ப்பவர். எதையும் சுற்றி வளைக்க மாட்டார்.

“ரெண்டு பொறி வாங்கிட்டு வா. ஈரல் விழுது கொஞ்சம் மிச்சம் இருக்கு. தடவி வெச்சுடலாம்.”

“முதல்ல நகராட்சிக்குத் தெரிவிக்கணும்.”

“எதுக்கு?”

“சுண்டெலி இல்லாத ஊர்ல சுண்டெலி இருந்தா அவங்களுக்குத் தெரிய வேணாமா?”

டோர்தே கணவரை ஒரு கணம் பார்த்தார். சொத்தைப் பல்லைப் பார்க்கிற பார்வை. “ஐவின், உன்னை எனக்கு முப்பது வருஷமாத் தெரியும். கெஞ்சிக் கேக்கறேன். பொறி வாங்கு.”

திங்கட்கிழமை காலை, வண்டி எடுப்பதற்கு முன், ஐவின் நகராட்சியின் இணையப் பக்கத்தைத் திறந்தார். வீட்டில் காண்பதைத் தேர்வு செய்யவும் என்று போட்டு மூன்று கட்டங்கள் இருந்தன. ‘சுண்டெலி இல்லை (வீட்டில்).’ ‘சுண்டெலி இல்லை (தோட்டத்தில்).’ ‘சுண்டெலி இல்லை (பிற).’ மூன்றில் எதுவும் தன் நிலைமைக்குப் பொருந்தாததால் போன் செய்தார்.

“சுண்டெலியின்மைப் பிரிவு, வணக்கம்” என்றது ஒரு இனிமையான குரல்.

“எங்க வீட்டுப் பரண்ல சுண்டெலி இருக்குங்க.”

மறுமுனையில் நாற்காலி கிறீச்சிட்டது. “எந்த ஊர்லேர்ந்து பேசறீங்க?”

“வெம்லுண்ட்தான்.”

“அப்ப இருக்க முடியாதுங்களே.”

“நான் கண்ணால பாத்தேன்.”

“நீங்க பாத்ததை நான் மறுக்கல. அது இருக்குங்கறதைத்தான் ஒத்துக்க முடியல. சரி, ஆள் அனுப்பறோம். அவர் வர்ற வரைக்கும் மேல போய்ப் பாக்காதீங்க. பாக்கப் பாக்கத்தான் இது அதிகமாகும்.”

வியாழக்கிழமை ஆய்வாளர் கெல்ட் ராவ்ன் வந்தார். ஒல்லியான மனிதர், தோல் பை, டார்ச் விளக்கு, காலுக்கு நீலப் பிளாஸ்டிக் உறை. ஏணியில் கால் வைப்பதற்கு முன் ஒரு படிவத்தை நீட்டினார். பரணில் சுண்டெலி எதுவும் தென்படவில்லை என்று அதில் அச்சடித்திருந்தது.

“இன்னும் மேல போகவே இல்லையே” என்றார் ஐவின்.

“இறங்கினப்புறம் கேட்டா சில பேர் கையெழுத்துப் போட மாட்டேங்கறாங்க.”

இருவரும் ஏறினார்கள். ஆய்வாளர் பரணின் நீளத்தை அளந்தார், அகலத்தை அளந்தார், ஈரப்பதத்தைக் குறித்துக்கொண்டார். அவர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தபோது சுண்டெலி வந்து அவருடைய தோல் பையின் மேல் ஏறி உட்கார்ந்தது.

“அதோ” என்றார் ஐவின்.

“எது?”

“உங்க பை மேல.”

கெல்ட் ராவ்ன் திரும்பிப் பார்த்தார். சுண்டெலியும் அவரைப் பார்த்தது. அவர் பேனாவை எடுத்து, நிதானமாக, ‘அசையும் தூசி’ என்று எழுதினார். பிறகு அதன் பின்னாலிருந்து இரண்டு குட்டிகள் எட்டிப் பார்க்கவே, ‘தூசி’ என்பதை அடித்துவிட்டு ‘தூசிகள்’ என்று திருத்தினார்.

“அதுக்கு வால் இருக்கே” என்றார் ஐவின்.

ஆய்வாளர் குரலைத் தாழ்த்தினார். “ஐவின், எனக்கு ஓய்வு பெற ரெண்டு வருஷம் இருக்கு. எனக்கு முன்னாடி இந்த வேலையில இருந்தவர் ஒரு வீட்டுல வால் இருக்குன்னு எழுதினார். நல்ல மனுஷன். இப்ப நகராட்சி நீச்சல் குளத்துல குளோரின் அளந்துக்கிட்டிருக்கார். கண்ணு ரெண்டும் எப்பவும் சிவந்தே இருக்கு.”

“அப்ப நானே ஒரு பொறி வெச்சுக்கலாமா?”

“பொறி வெக்க அனுமதி கேட்டு எழுதிக் குடுங்க. மேல அனுப்பறேன். இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. சும்மா வெச்சுடறாங்க போல.”

இங்கேதான் ஐவின் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். டோர்தே அடுப்படியிலிருந்து கத்தியால் பலகையைத் தட்டி ஜாடைகூடக் காட்டினார். ஆனால் ஐவின் மேசையில் உட்கார்ந்து, கோடு போட்ட தாளில், திருத்தமான கையெழுத்தில், இரண்டு பொறிகளுக்கு அனுமதி கேட்டு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார்.

ஜனவரி மாதம் அழைப்பு வந்தது. சுண்டெலியின்மைப் பிரிவு நகராட்சிக் கட்டடத்தின் மூன்றாம் தளம் முழுவதையும் பிடித்துக்கொண்டிருந்தது. தலைவி மெரெத்தே ஹோல்க் கைகுலுக்கி உட்காரவைத்து, காப்பியும் இலவங்கப்பட்டை ரொட்டியும் கொடுத்தார். அன்பான பெண்மணி. விண்ணப்பத்தை அவர் இரண்டு விரல்களால் ஓரமாகப் பிடித்திருந்தார்.

“ஐவின், எங்க வேலையை வெளியில இருக்கறவங்க சரியாப் புரிஞ்சுக்கறதில்ல. சுண்டெலி இருந்த காலத்துல இந்தப் பிரிவுல ரெண்டே பேர். இப்ப பதினாலு பேர். ஏன்னு கேளுங்க.”

“ஏன்?”

“இருக்கறதைப் பிடிக்கறது லேசு. போனோமா, பிடிச்சோமா, வந்தோமா. இல்லாததை இல்லாமலே வெச்சுக்கறது அப்படியில்ல. காலையில எட்டு மணிக்கு வந்து உக்காந்தா சாயங்காலம் வரைக்கும் அது இல்லாம இருக்கணும். லீவு நாள்லயும் இல்லாம இருக்கணும். போன வருஷம் எங்கள்ல மூணு பேருக்கு வேலைப் பளுவால உடம்பு முடியாமப் போச்சு.”

“நான் கேட்டது ரெண்டே ரெண்டு பொறி.”

“பொறிக்கு அனுமதி குடுத்தா அங்க சுண்டெலி இருக்குன்னு நாங்களே எழுத்துல ஒத்துக்கிட்ட மாதிரி. குடுக்கலைன்னா, குடிமகன் கேட்ட சேவையை மறுத்த மாதிரி. நாங்க எப்பவும் மறுக்கறதில்ல. போன ஆறு வாரமா உங்க விஷயத்துலதான் இருக்கோம். ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கோம்.”

மேசையில் வரைபடத்தை விரித்தார். வெம்லுண்ட் நகரம் பச்சையில் இருந்தது. ஐவினின் தெரு ஊரின் கிழக்கு ஓரம். தோட்டத்துக்குப் பின்னால் ஒரு வாய்க்கால், அதற்கு அந்தப் பக்கம் கிரெஸ்பி என்ற அடுத்த நகராட்சி, மஞ்சளில். பச்சைக்குள், ஐவினின் வீடு இருக்கிற இடத்தில், புதிதாக ஒரு சின்ன மஞ்சள் முக்கோணம் வரைந்திருந்தது.

“நகர எல்லைன்னு நீளம், அகலம் ரெண்டும்தான் இதுவரைக்கும் எழுதியிருந்தோம்” என்றார் மெரெத்தே. “உயரம்னு ஒண்ணு இருக்கறதை யாரும் யோசிக்கல. எங்க சட்ட ஆலோசகர்தான் சொன்னார். உங்க வீட்டுல, கூடத்துக் கூரைப் பலகை வரைக்கும் வெம்லுண்ட். அதுக்கு மேல கிரெஸ்பி. மன்றத்துல பேசிட்டோம். கிரெஸ்பிக்காரங்களும் வாங்கிக்க ஒத்துக்கிட்டாங்க.”

“என் பரணையா?”

“பரண் உங்களோடதுதான். ஊர்தான் வேற.”

ஐவின் வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது டோர்தே உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். கத்தியைக் கீழே வைத்தார்.

“அப்ப பொறி?”

“அதை இனிமே கிரெஸ்பியிலதான் கேக்கணும்.”

தலைக்கு மேலே, கிரெஸ்பி நகராட்சியில், எதுவோ குடுகுடுவென்று ஓடிற்று.

கிரெஸ்பியிலிருந்து வந்தவர் சோல்வை என்ற இயற்கைப் பாதுகாப்பு அதிகாரி. கன்னம் சிவந்த, உற்சாகமான இளம்பெண். கம்பளிக் குல்லாவில் இறகு செருகியிருந்தார். பொறி என்று ஐவின் வாயைத் திறப்பதற்குள் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“எங்க ஊர் பூராவும் பன்றிப் பண்ணையும் கோதுமை வயலும்தான், ஐவின். காட்டு விலங்குன்னு கணக்குக் காட்ட எங்ககிட்ட என்ன இருந்துச்சு தெரியுமா? ஒரு முள்ளெலி. அதுவும் வயசானது. வருஷா வருஷம் மத்த ஊர்க்காரங்க முன்னாடி தலைகுனிஞ்சு நிப்போம். இப்ப திடீர்னு ஒரு குடும்பமே வந்திருக்கு.”

“அதுங்க மின்சார ஒயரைக் கடிக்குது” என்றார் டோர்தே. உண்மைதான். சாப்பாட்டு மேசைக்கு மேல் இருந்த விளக்கு முந்தின வாரம் அணைந்து போயிருந்தது. வெம்லுண்ட் எலக்ட்ரீஷியன் ஏணியின் நான்காம் படி வரை ஏறிவிட்டு, தன் காப்பீடு அதற்கு மேல் செல்லாது என்று இறங்கிப் போய்விட்டார்.

“கடிக்கட்டும்” என்றார் சோல்வை பரவசத்தோடு. “அதுதான் அதுங்களோட இயல்பு.”

பத்து நாளில் பரண் பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதி ஆயிற்று. பரண் மூடியில் ஒரு பலகை தொங்கியது: நாயைக் கயிற்றில் கட்டவும், நெருப்பு மூட்டக் கூடாது, எதையும் எடுத்துச் செல்லக் கூடாது. இதனால் அலங்காரப் பெட்டியும், டோர்தேயின் அப்பா விட்டுப்போன தையல் இயந்திரமும், ஐவினின் கோடைக்கால மிதிவண்டிச் சக்கரங்களும் காட்டின் பகுதிகள் ஆயின. கீழ்வீட்டில் வானொலியை எவ்வளவு சத்தமாக வைக்கலாம் என்று ஒரு கடிதம் வந்தது. வறுத்த பன்றிக்கறி சமைப்பதாக இருந்தால் வாசனை மேலே போவதால் மூன்று நாள் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும் என்று இன்னொன்று.

சனிக்கிழமைதோறும் கிரெஸ்பி இயற்கை ஆர்வலர் சங்கம் வந்தது. ஓய்வு பெற்றவர்கள் பன்னிரண்டு பேர், கழுத்தில் தொலைநோக்கி. வாசலில் சேற்றுப் பூட்ஸைக் கழற்றிவிட்டு, காலுறையோடு கூடத்தில் வரிசையாக உட்கார்ந்து, முறைவைத்து ஒருவர் ஒருவராக ஏணியில் ஏறி மூடியின் இடுக்கு வழியாகப் பார்த்தார்கள். இறங்கி வந்தவர்கள் கண் கலங்கியிருந்தார்கள். இங்கே காப்பி கிடைக்குமா என்று கேட்டார்கள். ஐவின் ஒரு பெரிய பாத்திரத்தில் காப்பி போட்டார். விருந்தாளிக்குக் காப்பி போடக் கூடாது என்று எந்த விதியும் இல்லை.

மூன்றாவது சனிக்கிழமை குளியலறையிலிருந்து தலையில் துண்டு கட்டிக்கொண்டு வெளியே வந்த டோர்தேயைப் பார்த்து, தொலைநோக்கி மாட்டிய ஒரு முதியவர் உதட்டில் விரல் வைத்தார்.

“ஷ். அதுங்களுக்கு இப்ப இனப்பெருக்கக் காலம்.”

டோர்தே படுக்கையறைக்குப் போனார். பெட்டியோடு திரும்பி வந்தார்.

“நான் ஹோர்சென்ஸ்ல அக்கா வீட்டுக்குப் போறேன்.”

“எத்தனை நாளைக்கு?” என்றார் ஐவின், காப்பிப் பாத்திரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு.

“அதை நீ எங்கிட்ட கேக்காத. மேல கேளு. ரெண்டு நகராட்சி, பதினாலு அதிகாரி, பன்னெண்டு கிழம், ஒரு எலிக் குடும்பம். இதுல எனக்கு எங்க இடம் இருக்குன்னு எழுதிக் கேளு. பதில் வந்தா சொல்லு, வர்றேன்.”

அவர் போனதும் வீடு வேறு மாதிரி ஆகிவிட்டது. பேச ஆள் இல்லாததால் மேலே ஓடுகிற ஒவ்வொரு காலடியும் கேட்டது. சாயங்காலம் பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்து, விளக்கு எரியாத மேசையில், கறுப்பு ரொட்டியில் ஊறுகாய் மீனை வைத்துத் தின்றார். டோர்தேயின் நாற்காலியில் அவருடைய மூக்குக்கண்ணாடி உறை கிடந்தது. இரண்டு தடவை ஹோர்சென்ஸுக்குப் போன் செய்தார். இரண்டு தடவையும் அக்காதான் எடுத்தார். டோர்தே நன்றாகத் தூங்குகிறாள், இங்கே மேல்மாடி அமைதியாக இருக்கிறது என்றார். முப்பது வருடத்தில் முதல்முறையாக ஐவினுக்கு ஒரு சந்தேகம் வந்தது: தான் செய்தது எல்லாம் சரியாகவே இருந்தும், எங்கேயோ ஒரு தப்பு நடந்திருக்கிறது. எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

பிப்ரவரி கடைசியில் பரண் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. இரண்டு நகரங்களும் சேர்ந்து செய்த விழா. எல்லை ஏணியில் இருப்பதால் விழாவும் ஏணியில்தான் என்று முடிவு செய்தார்கள். ஐவினின் கூடத்தில் நாற்பது பேர் நின்றார்கள். உள்ளூர்ப் பத்திரிகையிலிருந்து ஒருவர் கேமராவோடு வந்திருந்தார். மேசையில் பாதாம் கேக் வரிசையாக வெட்டி வைத்திருந்தது. கிரெஸ்பி மேயர் முன்னதாகவே பரணுக்கு ஏறி, மண்டியிட்டு, மூடி வழியாகத் தலையை நீட்டியிருந்தார். வெம்லுண்ட் மேயர், பட்டைச் சங்கிலி அணிந்த பருத்த மனிதர், ஏணியின் ஐந்தாம் படியில் நின்று பேச ஆரம்பித்தார்.

“நண்பர்களே, சில பேர் கேக்கறாங்க, ஒரு நகராட்சியால என்ன செய்ய முடியும்னு. நாங்க செஞ்சு காட்டியிருக்கோம். இந்த வீட்டுல ஒரு குடிமகனுக்கு ஒரு பிரச்சினை இருந்துச்சு. இன்னிக்கு அந்தப் பிரச்சினை அப்படியே இருக்கு. ஆனா அது எங்களோடது இல்ல.”

கை தட்டினார்கள். கிரெஸ்பி மேயர் மேலேயிருந்து தலையை ஆட்டினார். அவர் மண்டியிட்ட இடத்தில் எது நசுங்கியதோ தெரியவில்லை. மூடியின் விளிம்பில் ஒரு சுண்டெலி தோன்றியது. கேக்கின் பக்கம் மூக்கை நீட்டி முகர்ந்தது. பிறகு ஏணியின் கைப்பிடி வழியாக ஓடி வந்து, வெம்லுண்ட் மேயரின் தோளில் இறங்கியது.



“நாலு வருஷமா,” என்று மேயர் தொடர்ந்தார், “இந்த நகரத்துல ஒரு சுண்டெலிகூட இல்ல.”

சுண்டெலி அவருடைய சங்கிலி மேல் நடந்து, நகரச் சின்னம் பொறித்த பதக்கத்தை ஒருமுறை கடித்துப் பார்த்துவிட்டு, சட்டைக் கழுத்துக்குள் இறங்கியது. மேயரின் குரல் ஒரு ஸ்தாயி உயர்ந்தது. முகத்தில் வேர்வை பூத்தது. சட்டைக்குள் ஒரு சின்ன மேடு மார்பைக் கடந்து வயிற்றுப் பக்கம் போனது. நாற்பது பேரும் அந்த மேட்டின் பின்னாலேயே கண்ணை ஓட்டினார்கள்.

“இனியும்,” என்றார் மேயர், ஏணியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு, “இருக்கவே இருக்காது.”

பத்திரிகைக்காரர் சோல்வையின் பக்கம் திரும்பினார். “அது உங்களோடதுதானே?”

“மூடிக்கு மேல இருக்கற வரைக்கும்” என்றார் சோல்வை வருத்தத்தோடு. “கீழ இறங்கிட்டா எங்க கணக்குல வராது.”

பத்திரிகைக்காரர் மெரெத்தேயின் பக்கம் திரும்பினார். “அப்ப உங்களோடதா?”

“எது?” என்றார் மெரெத்தே.

ஐவின் காப்பிப் பாத்திரத்தோடு இருவருக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு அந்த நிமிடம் ஏதோ ஒன்று மெல்லத் தெளிந்தது. பாத்திரத்தைக் கீழே வைத்தார்.

“மெரெத்தே, தெரிஞ்சுக்கறதுக்காகக் கேக்கறேன். இப்ப மேயரோட சட்டைக்குள்ள இருக்கறது என்ன?”

“மேயர்தான் இருக்கார்.”

“வேற எதுவும் இல்ல?”

“வெம்லுண்ட்ல அப்படி எதுவும் இல்ல.”

“இல்லாத ஒண்ணை என் சமையலறையில நான் பிடிச்சா, அதுக்கு அனுமதி வேணுமா?”

பத்திரிகைக்காரர் பேனாவைத் தயாராக வைத்தார். மெரெத்தே கொஞ்ச நேரம் யோசித்தார். மூன்றாம் தளத்தின் பதினான்கு மேசைகளும் அவர் கண்ணுக்குள் வந்து போயிருக்க வேண்டும்.

“இல்லாததைப் பிடிக்க யாருக்கும் எந்தத் தடையும் இல்ல, ஐவின்.”

“இதை எழுத்துல தர முடியுமா?”

கொடுத்தார். கேக் வைத்திருந்த காகிதத் தட்டின் பின்பக்கம், தேதி போட்டு, கையெழுத்தோடு.

மறுநாள் ஐவின் வாய்க்கால் கரைச் சாலையில் இருந்த இரும்புக் கடைக்குப் போனார். சுண்டெலி இல்லாத ஊர் என்பதால் கடைக்காரர் எலிப்பொறி என்று எதையும் விற்பதில்லை. மரப்பலகையில் கம்பிச்சுருள் மாட்டிய காகிதக் கவ்வி இருந்தது. நல்ல விற்பனை என்றார். பலர் வீட்டில் காகிதம் நிறைய சேர்ந்துவிடுகிறதாம். ஐவின் எட்டு வாங்கினார்.

பரணை அவர் தொடவே இல்லை. ஏணியை இறக்கி மட்டும் வைத்தார். எல்லையைத் திறந்துவைப்பதை இரண்டு நகரங்களும் விழாவில் வரவேற்றிருந்தன. ஏணியின் அடியிலிருந்து சமையலறைவரை கேக் துணுக்குகளைத் தூவினார். கவ்விகளில் ஈரல் விழுது தடவினார். மேலே பஞ்சும் காகிதமும்தான், கீழே ஈரல். அவை ஒவ்வொன்றாக நாடு கடந்து வந்தன. ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து வந்து பார்த்தபோது கவ்விகளில் இல்லாதவை ஒன்றிரண்டு கிடந்தன. செத்ததைப் பார்த்தபோது அவருக்குச் சந்தோஷமாக இல்லை. சின்ன உடம்பு, முகத்தைத் துடைக்கப்போவதுபோல முன்னங்கால் மடங்கியிருந்தது. அதன் மேல் தனக்குக் கோபம் எதுவும் இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தார்.

குப்பையைத் தரம் பிரித்துப் போடும் பத்து வகைத் தொட்டிகளில் இவற்றை எதில் போடுவது என்று நகராட்சியைக் கேட்கலாமா என்று கை போன் வரைக்கும் போயிற்று. பிறகு திரும்பி வந்துவிட்டது. தோட்டத்தில் குழி தோண்டிப் புதைத்தார்.

இரண்டு வாரத்தில் வீடு அடங்கிவிட்டது. ஹோர்சென்ஸுக்குப் போன் செய்தார். அக்கா எடுத்தார்.

“ஒண்ணும் பேச வேணாம்” என்றார் ஐவின். “போனை டோர்தே காதுல வை. நான் என் போனைக் கூரைப் பக்கம் பிடிக்கறேன்.”

ஒரு நிமிடம் இருபக்கமும் அமைதி. அப்புறம் டோர்தேயின் குரல் வந்தது. “மத்தியான ரயில்ல வர்றேன். உருளைக்கிழங்கு உரிச்சு வை.”

எல்லாம் முடிந்தது என்றுதான் இருவரும் நினைத்தார்கள். ஏப்ரல் மாதம் ஒரு மாலை சோல்வை வாசலில் நின்றார், கையில் படிவத்தோடும் கழுத்தில் மருத்துவர் மாட்டுகிற குழாயோடும். வசந்தக் கணக்கெடுப்பு.

“குட்டி போட்டிருக்கற சமயம், மேல ஏறித் தொந்தரவு பண்ணக் கூடாது. அதனாலதான் சனிக்கிழமை வர்ற சங்கத்துக்காரங்களையும் விழாவோட நிறுத்தி வெச்சிருக்கோம். காதால கேட்டும், வீட்டுக்காரரைக் கேட்டும் எழுதிக்கணும்னு விதி. இதைப் படிச்சுப் பாருங்க.” படிவத்தை ஐவினிடம் கொடுத்துவிட்டு, நாற்காலி மேல் ஏறிக் குழாயைக் கூரைப் பலகையில் வைத்துக் கேட்டார். வெகுநேரம் கேட்டார். அவர் முகம் மெல்ல வாடிற்று.

ஐவின் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிவத்தைப் படித்தார். முன்பக்கம் படித்தார். திருப்பிப் பின்பக்கமும் படித்தார்.

“ஒரு சத்தமும் காணோமே” என்றார் சோல்வை. “பயப்படாதீங்க. எண்ணிக்கை பத்துக்குக் கீழ போயிட்டா நாங்க ஈடு பண்ணிடுவோம். நிலையத்துல வளத்து வெச்சிருக்கோம். நாப்பது ஜோடி. வெள்ளிக்கிழமையே கொண்டு வந்து விட்டுடலாம்.”

டோர்தே அடுப்பை அணைத்தார். கணவரைப் பார்த்தார். ஐவின் தோருப் அதுவரை ஒரு பயணச்சீட்டு விஷயத்தில்கூடப் பொய் சொன்னதில்லை. அவருடைய காது மடல் சிவப்பதை டோர்தே பார்த்தார்.

“பதினேழு” என்றார் ஐவின்.

“பதினேழா?”

“காலையிலதான் எண்ணினேன்.”

சோல்வை நாற்காலியிலிருந்து இறங்கினார். படிவத்தை வாங்கிக் கட்டத்தில் பதினேழு என்று எழுதினார். “எங்க ஊர் வரலாற்றுலயே இல்லாத எண்ணிக்கை” என்றார். “எல்லாம் நல்லா இருக்குங்களா?”

“ரொம்ப அடக்கமான குடும்பம்” என்றார் டோர்தே. “இருக்கற இடம் தெரியறதில்ல.”

சோல்வை இருவரையும் கட்டிப்பிடித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மிதிவண்டியில் ஏறி வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் போனார். ஜன்னல் வழியாக அவர் மறையும்வரை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“முதல் பொய்யே இவ்வளவு நல்லா வருதே” என்றார் டோர்தே. “ஆனா அதென்ன பதினேழு? இருபதுன்னு சொல்லியிருந்தா அந்தப் பொண்ணு இன்னும் சந்தோஷப்பட்டிருக்கும்.”

“பதினெட்டு ஆச்சுன்னா மேல ஒரு காவலரை நிரந்தரமாத் தங்க வெப்பாங்க. ரெண்டு வேளை சாப்பாடு நம்ம பொறுப்பு” என்றார் ஐவின். “பின்பக்கத்துல சின்ன எழுத்துல போட்டிருந்துச்சு.”